மூன்றாம் நாள் கறுத்த ஆயில்

வெள்ளை பனியன் துண்டு ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி, அவிநாசி ரோட்டில் ஒரு பைக் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். துண்டின் நடுவே கட்டைவிரல் அகலத்துக்குக் கன்னங்கரேலென்று எண்ணெய்க் கறை. அதன் பக்கத்தில், எங்கள் துணி செக்கிங் டேபிளில் பழுதைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றையும் ஒட்டிக்கொண்டு போயிருந்தேன். பழுது எங்கே என்று யாரும் தேடிக் கஷ்டப்பட வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான்.

"இது என்னங்க?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். வண்டியை விட்டுவிட்டுக் காத்திருந்த இரண்டு பேர் டீ டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் அந்தச் சத்தம்.

கடை முதலாளி வேலுச்சாமி ஸ்டூலை விட்டு எழுந்தார். "வாங்க தெய்வானைக்கா. உக்காருங்க. என்னாச்சுங்க?"

"உக்கார வரலீங்க. மூணு நாளைக்கு முந்தி என்ற வண்டிக்குப் புது ஆயில் மாத்துனதாச் சொன்னீங்க. காலைல அந்த அளவு பாக்கற குச்சிய எடுத்துத் தொடச்சா, தாராட்டக் கறுப்பா இருக்குது. மூணே நாள்ல ஆயில் இப்பிடிக் கறுக்குமுங்களா? பழைய ஆயிலயே திருப்பி ஊத்திப்போட்டு, புது ஆயிலுக்குக் காசு வாங்கீட்டீங்க."

கீழே உட்கார்ந்து வேறொரு வண்டிக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்த ஞானதுரை தலையைத் தூக்கினார். என் வண்டிக்கு ஆயில் மாற்றியவர் அவர்தான். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். மனைவி பனியன் கம்பெனியில் டெய்லர். முப்பத்தைந்து வயதிருக்கும். அந்தக் கடையில் நாலைந்து வருடமாக வேலை செய்துகொண்டிருந்தார்.

"அக்கா, புது டப்பாவ உடைச்சுத்தாம்க்கா ஊத்துனேன். நீங்களும் பக்கத்துலதான நின்னீய?"

நின்றேன். அதில் பொய்யில்லை. ஆனால் காதில் போன் இருந்தது. ஆர்டரைக் கவனிக்கிற ஒரு கம்பெனி மெர்ச்சண்டைசர் சாயங்காலத்துக்குள் துணி பீஸ் வராவிட்டால் ஷிப்மெண்ட் தவறிப்போகும் என்று கத்திக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பதில் கத்திக்கொண்டு ரோட்டோரம் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தேன். டப்பாவை உடைத்ததையும் பார்க்கவில்லை, ஊற்றியதையும் பார்க்கவில்லை.

கறுப்பு என்றால் குற்றம்

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் நான் பனியன் கம்பெனிகளில் செக்கிங் வேலை பார்த்தவள். அதன்பிறகு வீட்டின் முன்பகுதியிலேயே இரண்டு டேபிள் போட்டு, தலைக்கு மேலே வரிசையாக டியூப் லைட் மாட்டி, ஆறு பெண்களை வைத்துச் சொந்தமாக நடத்துகிறேன். தைத்த டி-ஷர்ட் வரும். பிசிறு வெட்டி, பழுது பார்த்து, மடித்து அனுப்புவோம்.

கறையைப் பார்த்தே சோறு தின்றவள் நான். வெள்ளைத் துணியில் ஒரு புள்ளி இருந்தால் அது தையல் மிஷின் எண்ணெயா, நிட்டிங் மிஷின் எண்ணெயா, கிரீஸா, டெய்லர் காலையில் தின்ற போண்டாவா என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். முகர்ந்தால் இன்னும் உறுதியாகச் சொல்வேன்.

என் வீட்டுக்காரர் நிட்டிங்கில் ஃபிட்டர். துணி பின்னுகிற அந்த வட்ட மிஷின்களின் ஊசிகளுக்கு ஊற்றுகிற எண்ணெய், தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். துணியில் பட்டாலும் சலவையில் போய்விடும். அதுவே கறுத்துத் துணியில் கோடாக இறங்கினால், மிஷினுக்குள் ஊசி தேய்கிறது, அல்லது ஆறு மாதமாக எவனும் சுத்தம் செய்யவில்லை என்று பொருள். அந்த ரோல் ரிஜெக்ட். ஃபிட்டருக்குத் திட்டு விழும். எங்கள் வீட்டில் அவரும் நானும் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு இதுதான். எண்ணெய் கறுத்தால் யாரோ ஒருவர் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. இதில் எங்கள் இருவருக்கும் மாற்றுக் கருத்தே வந்ததில்லை.

ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. நான் செக்கிங்கில் சேர்ந்து சில வருடம் ஆகியிருக்கும். பாதி ஆர்டர் முழுக்கக் கறை. மேனேஜர் ஒரு டெய்லர் பெண்ணைக் கூப்பிட்டு, உன் மிஷினில் எண்ணெய் ஒழுகுகிறது, பார்க்காமல் தைத்திருக்கிறாய், கணக்கை முடித்துக்கொண்டு போ என்றார். அந்தப் பெண் அழுதுகொண்டு நின்றாள். நான் பீஸை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, "சார், இது தையல்ல வந்ததில்லீங்க. துணியோட நீளத்துக்குக் கோடா இறங்கியிருக்குது பாருங்க. நிட்டிங்லயே வந்ததுங்க" என்றேன். மீதி இருந்த துணி ரோலைப் பிரித்துப் பார்த்தார்கள். கோடு அப்படியே இருந்தது. அந்தப் பெண்ணுக்கு வேலை போகவில்லை. அன்றையிலிருந்து அந்த மேனேஜர் என்னிடம் கேட்காமல் எதையும் ரிஜெக்ட் செய்ததில்லை.

அந்தப் பெருமையை நான் பல வருடம் சுமந்துகொண்டு திரிந்தேன். கறை விஷயத்தில் என் கண் தப்பாது என்று என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அதையே ஊருக்கும் சொல்ல ஆரம்பித்தேன்.

வீட்டுக்காரர் வரலீங்களா?

ஒரு பெண்ணுக்கு பைக் எதற்கு, ஸ்கூட்டர் போதாதா என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஸ்கூட்டரில் காலடியில் ஒரு பண்டல் வைக்கலாம். பைக்குக்குப் பின்னால் கேரியர் அடித்துவிட்டால் மூன்று பண்டல் போகும். அவ்வளவுதான் விஷயம். அதனால் பழைய நூறு சிசி வண்டி ஒன்றை வாங்கினேன். என் வீட்டுக்காரருக்கு சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்ட வராது. ஓட்டிப் பார்க்கவும் அவருக்கு ஆசையில்லை.

ஆனால் ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு அது புரியாது. வண்டியை நான் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவேன். ஹெல்மெட்டைக் கழற்றுவேன். கையில் சாவி இருக்கும். "வீட்டுக்காரர் வரலீங்களா?" என்பார்கள்.

என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டால், "நல்ல ஆயிலுங்க" என்று பதில் வரும். நல்ல ஆயில் என்றால் என்ன கிரேடு, எத்தனை மில்லி, எத்தனை கிலோமீட்டருக்கு வரும் என்று கேட்டால் சிரிப்பார்கள். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க? அண்ணன வரச் சொல்லுங்க, பேசிக்கறோம்." அண்ணன் வந்தால் என்ன பேசுவார்? சைக்கிளுக்குக் காற்று அடிப்பதைப் பற்றிப் பேசுவார்.

ஆயிரம் பீஸில் ஒரு பீஸில் ஒரு தையல் விட்டுப்போனால் எங்களிடம் கணக்குக் கேட்கிறார்கள். இவர்கள் நம் வண்டிக்குள் என்னத்தை ஊற்றினார்கள் என்று நாம் கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனமாம். எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலில்தான் நானே அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்கப் பழகினேன். எங்கள் வீட்டில் வெள்ளைத் துணிக்குப் பஞ்சமில்லை. குச்சியைத் துடைத்து, கறையைப் பார்த்து, என் தொழில் புத்தியை வைத்துத் தீர்ப்பு எழுதத் தொடங்கினேன்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அண்ணனை வரச் சொல்லுங்கள் என்று என்னிடம் ஒருநாளும் சொல்லாத மெக்கானிக் ஞானதுரை ஒருவர்தான். எது தேய்ந்தது, எது இன்னும் ஆறு மாதம் தாங்கும் என்று என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். அதுவும் அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஆமாங்க

ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வருகிறேன்.

வேலுச்சாமி துண்டை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரையும் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார். "கறுத்துத்தானுங்க இருக்குது."

ஞானதுரை எழுந்துவிட்டார். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. பழைய இன்ஜினு. முன்னாடி ரொம்ப நாளு ஆயில் மாத்தாம ஓடுன வண்டி. மூணு நாள்ல கறுக்கத்தான செய்யும்?"

"எண்ணெயப் பத்தி எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்றேன். "இருவது வருசமா எண்ணெய்க் கறையத் தவிர வேற எதையும் நான் பாத்ததில்லீங்க. புது எண்ணெய் எது, பழைய எண்ணெய் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"ஆமாங்க, அக்காவுக்குத் தெரியாததுங்களா," என்றார் வேலுச்சாமி. பிறகு ஞானதுரை பக்கம் திரும்பினார். "தொரை, நீ நாளையில இருந்து வர வேண்டாம். கடை பேரு கெட்டுப்போகுது."

ஞானதுரை மண்ணெண்ணெயில் கையைக் கழுவி, தனக்குச் சொந்தமான ஸ்பேனர்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு நடந்தார். பைக்குள் அவை இடித்துக்கொண்ட சத்தம் ரோடு திரும்புகிற வரை கேட்டது.

நான் அப்போது வருந்தினேன் என்று எழுதினால் பொய். மனசு நிறைந்துதான் வீட்டுக்கு வந்தேன். ஏமாற்றுகிறவர்களை இப்படித்தான் நிற்க வைத்துக் கேட்க வேண்டும் என்று டேபிளில் இருந்த ஆறு பெண்களுக்கும் கதை சொன்னேன். அதில் ஒரு பெண் ஞானதுரை ஊர்ப்பக்கத்துக்காரி. அவள் மட்டும் குனிந்த தலை நிமிராமல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

பெரிய காருக்கு ஊற்றுகிற ஆயில்

அன்றைக்கே வேலுச்சாமி என் வண்டிக்கு வேறு ஆயில் ஊற்றிக் கொடுத்தார். "இது ஃபுல் சிந்தடிக்குங்க. பெரிய பெரிய காருக்கெல்லாம் இதத்தானுங்க ஊத்தறாங்க. உங்களுக்காகத்தான் எடுத்தேன்" என்றார். டப்பாவை என் கண்முன்னால் உடைத்தார். புனல் வழியாக இறங்கும்போது தேன் மாதிரி மினுமினுத்தது. விலை வழக்கத்தைவிட மூன்று மடங்கு. காருக்கே ஊற்றுகிறார்கள் என்றால் நம் பைக்குக்கு என்ன குறை என்று நானும் வாயெல்லாம் பல்லாகக் காசு கொடுத்தேன். காலி டப்பாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு குச்சியை எடுத்துப் பார்க்கவே இல்லை. அவ்வளவு விலை கொடுத்ததைச் சந்தேகப்பட மனசு வரவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். மூன்று பண்டல் ஏற்றிக்கொண்டு ரயில்வே மேம்பாலத்தில் ஏறுகிறேன். பாதியில் ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் ஊளையிடுகிறதே தவிர வண்டி நகரவில்லை. இன்னும் திருகினேன். இன்னும் ஊளை. பின்னால் ஒரு டவுன் பஸ் என் முதுகில் ஏறிவிடுவது போல ஹார்ன் அடித்தது. இறங்கி, மூன்று பண்டலோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலம் ஏறினேன். பஸ் ஜன்னலிலிருந்து ஒருவர், "வீட்டுக்காரர அனுப்பக் கூடாதுங்களா?" என்றார். அவருக்கு நான் சொன்ன பதிலை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

வேலுச்சாமி பார்த்துவிட்டு, கிளட்ச் பிளேட் போய்விட்டது என்றார். மாற்றினார். அதே கார் ஆயிலில் புது டப்பா ஒன்றை என் கண்முன்னாலேயே உடைத்து ஊற்றினார். மூன்று நாள்தான் ஓடியது. மறுபடியும் அதே ஊளை.

இரண்டு துண்டுகள்

சாயங்காலம் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு நான் புலம்பிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, "ஆயிலப் பாத்தயா?" என்றார்.

புதுத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் குச்சியைத் துடைத்தேன். கறுப்பு.

முதலில் குச்சியில் ஒட்டியிருந்த புகைக்கரியோ என்னவோ என்று நினைத்து, வேறு துண்டில் மறுபடி துடைத்தேன். அதுவும் கறுப்பு.

செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பீஸை ரிஜெக்ட் செய்வதற்கு முன்னால், சரி என்று கம்பெனி ஒத்துக்கொண்ட மாதிரித் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். கண்ணை மட்டும் நம்பிச் சொல்லக் கூடாது. புதிதாக வருகிற எந்தப் பெண்ணுக்கும் நான் முதல் நாள் சொல்லித் தருவது அதைத்தான். ஞானதுரையின் துண்டை நான் எதோடும் ஒப்பிடவில்லை. நல்ல ஆயில் மூன்று நாளில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அவரைக் குற்றம் சொன்ன அந்த நாளுக்கு முன்னால், மாற்றிய மூன்றாம் நாள் பைக் ஆயிலை நான் ஒரு முறைகூட எடுத்துப் பார்த்ததில்லை.

அந்தப் பழைய துண்டை நான் எறியவில்லை. நாளைக்கு வேலுச்சாமி பேச்சு மாறினால் காட்ட வேண்டும் என்று பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தேன். அதை எடுத்துவந்து டியூப் லைட்டுக்குக் கீழே புதியதன் பக்கத்தில் வைத்தேன்.

வீட்டுக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "எது யாரு ஊத்துனது?" என்றார்.

அம்புக்குறி ஸ்டிக்கர் மட்டும் இல்லாவிட்டால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

வண்டியின் சீட்டுக்கு அடியில் வாங்கின நாளிலிருந்து பிரிக்கப்படாமல் ஒரு சின்னப் புத்தகம் கிடந்தது. அதை டேபிளில் விரித்து வைத்துப் படித்தேன். இந்த வண்டிக்கு இந்த கிரேடு, இத்தனை மில்லி என்று அச்சடித்திருந்தது. டப்பாவில் எம்.ஏ.2 என்ற குறி இருக்கிற ஆயிலாகப் பார்த்து வாங்கச் சொன்னது. காருக்கான ஆயில் வேண்டாம், கிளட்ச் வழுக்கும் என்று தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் மூழ்கிக் கிடக்குமாம். அலமாரியில் இருந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் அழகான கார் படம். பின்பக்கம், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஏழெட்டுக் குறிகள். எம்.ஏ.2 அதில் இல்லை.

மறுநாள் காதர்பேட்டைக்கு பீஸ் கொடுக்கப் போனபோது, வழியில் இருந்த ஒரு ஆயில் கடையில் இரண்டு துண்டையும் காட்டி, மூன்று நாளில் கறுத்தால் கெட்ட ஆயிலா என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார்.

"கறுக்கலைன்னாத்தானுங்க சந்தேகப்படோணும். இன்ஜினுக்குள்ள இருக்கற கரி, அழுக்கு எல்லாத்தையும் அது இழுத்து வெச்சுக்குதுங்க. அதுக்குத்தானுங்க ஊத்தறதே. பழைய வண்டியா இருந்தா அடுத்த நாளே கறுக்கும். ஆயில ஊத்துனவரு நல்ல வேலைதானுங்க பாத்திருக்காரு."

தெரியுமுங்க

வேலுச்சாமியிடம் போய் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஆயில் கறுக்கும்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா?"

அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "தெரியுமுங்க."

"பின்ன ஏனுங்க அவர அனுப்புனீங்க?"

"நீங்க மாசம் தவறாம வர்ற கஸ்டமருங்க. உங்க டேபிள்ல வேலை செய்யற பொண்ணுகளும் இங்கதானுங்க வண்டி விடறாங்க. நீங்க அவ்வளவு சத்தமா நாலு பேரு முன்னால கேக்கறப்ப, உங்கள எதுத்து எப்பிடிங்க பேசறது? மரியாதையா இருக்குமுங்களா?"

"கார் ஆயில் ஊத்துனா கிளட்ச் வழுக்கும்னும் தெரியுமுங்களா?"

"சில வண்டிக்கு வழுக்குமுங்க. நீங்க ஒசத்தியான ஆயிலா வேணும்ன மாதிரி இருந்துச்சு..."

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சு மரியாதையான பேச்சு என்று வெளியூர்க்காரர்கள் புகழ்வார்கள். நாங்களும் அதைக் கேட்டுப் பூரித்துப் போவோம். வாய்க்கு வாய் ஒரு ‘ங்க’ போட்டுவிட்டால் போதும். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் வயிற்றில் அடிக்கலாம், எதிரில் நிற்கிற என்னைப் போன்றவள் வண்டியையும் கெடுக்கலாம். அன்றைக்கு வேலுச்சாமி என்னைப் பார்த்து, "நீங்க பேசறது தப்புங்க" என்று மூன்றே வார்த்தை சொல்லியிருந்தால், நான் இன்னும் கொஞ்சம் கத்திவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் "ஆமாங்க" என்றார். எனக்கு அது இனித்தது.

அதைச் சத்தமாகவே அவரிடம் சொன்னேன். அன்றைக்கும் இரண்டு பேர் டீயோடு காத்திருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பி, "இங்க வேலை பாத்த ஞானதுரை ஆயில் திருடல. திருடுனார்னு சொன்னது நானு. நான் சொன்னது பொய்" என்றேன். அவர்களுக்கு ஞானதுரை யார் என்றே தெரியாது. ஆனாலும் மரியாதையாக, "சரிங்க" என்றார்கள்.

சலவைப்பட்டறை

ஞானதுரையின் வீட்டை, அன்று தலை நிமிராமல் பிசிறு வெட்டிய அந்தப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "ஏம்மா அப்பவே சொல்லல?" என்றதற்கு, "ஒங்ககிட்ட யாருக்கா சொல்ல முடியும்?" என்றாள். அந்தப் பதிலை நான் இன்னும் முழுதாக விழுங்கவில்லை.

வரிசையாக ஒற்றை அறை வீடுகள். ஞானதுரையின் மனைவி கதவைத் திறந்தாள். நான் யார் என்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது. ஆனாலும் ஸ்டூல் போட்டாள். அவர் பிளீச்சிங் செய்கிற சலவைப்பட்டறையில் ஈரத் துணி ட்ராலி தள்ளுகிறார், ஷிப்ட் முடிந்து வருகிற நேரம்தான் என்றாள்.

"வேற ஒர்க்‌ஷாப் எதுலயும் சேத்துக்கலீங்களா?"

"அந்த ரோட்டுல நாலு கடையில இவுக வேலை கேட்டுப் போனாவ. ஆயில் திருடுன ஆளுதான நீன்னு கேட்டாங்களாம். அதுக்கப்புறம் எங்கயும் போகல. பதினாலு வயசுல ஸ்பேனரப் பிடிச்ச மனுசன்."

ஞானதுரை வந்தார். நான் எழுந்து நின்றேன். நடந்ததெல்லாம் சொன்னேன். இரண்டு துண்டு, புத்தகம், கடைக்காரர் சொன்னது, வேலுச்சாமி சொன்னது. கடைசியில், "தப்பு என்மேலதானுங்க" என்றேன். அவர் கேட்டுக்கொண்டே கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துத் தண்ணீரில் ஊறி விரல்களில் தோல் உரிந்திருந்தது. நகங்கள் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தன. மெக்கானிக் கையில் அப்படி நகத்தை நான் பார்த்ததே இல்லை.

பரவாயில்லை அக்கா என்பார் என்று காத்திருந்தேன். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதைச் சொல்லியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. "சரிக்கா" என்று மட்டும் சொன்னார்.

அந்த நாலு ஒர்க்‌ஷாப்புக்கும் நான் ஒவ்வொன்றாகப் போனேன். ஒவ்வொன்றிலும் வேலுச்சாமி கடையில் சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். ஒருவர், "அதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். ஒருவர் வீட்டுக்காரர் நல்லா இருக்கிறாரா என்று விசாரித்தார். நாலாவது கடைக்காரர் மட்டும், ஆள் வேண்டியிருக்கிறது, வரச் சொல்லுங்கள் என்றார்.

ஞானதுரை போகவில்லை. இனி இன்னொருவர் கடையில் நிற்கப்போவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். சில மாதம் சலவைப்பட்டறையிலேயே இருந்து, பிறகு குன்னத்தூர் போகிற வழியில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே தனியாகக் கடை போட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமையே என் டேபிள் பெண்கள் ஆறு பேரும் ஸ்கூட்டர்களை ஓட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினார்கள். ஏழாவதாக நான் என் பைக்கை நிறுத்தினேன். பையில் சரியான கிரேடு, சரியான குறி போட்ட ஆயில் டப்பா இருந்தது. பார்த்துப் பார்த்து வாங்கியது.

ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார். ஒவ்வொருத்தியிடமும் எது தேய்ந்தது, எது தாங்கும் என்று முகம் பார்த்துச் சொன்னார். ஆறும் முடிந்தன. கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, ஒங்க வண்டிய மட்டும் நான் தொட மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"ஏனுங்க? நாந்தான் எல்லாக் கடையிலும் சொல்லீட்டனேங்க."

"சொன்னீய. கேள்விப்பட்டேன். அது நல்ல காரியந்தான். ஆனா ஒங்க வண்டியில கை வச்சா, அடுத்த தடவ நீங்க இந்தப் பக்கம் வாரத பாத்தா எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிடும்க்கா. பயந்துக்கிட்டு என்னால வேலை செய்ய முடியாது."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, டப்பாவைப் பைக்குள் வைத்து, வண்டியைத் திருப்பினேன்.

வழியெல்லாம் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் காட்டுவது என்று வீடு வரும்வரை ஒவ்வொருவராகத் தேடிப் பார்த்தேன். என்னைத் தவிர ஒருவரும் அகப்படவில்லை.